குழல்வாய் உறுப்புகளின் வரலாறு: அடையாற்றுப் பயனெட் முதல் திருச்சித் துப்பாக்கி வரை

புதுச்சேரிக்கு வடக்கே, கடலைப் பார்த்த செம்மண் மேட்டில் இருக்கிறது குயிலாப்பாளையம். விழுப்புரம் மாவட்டத்து ஊர். ஆரோவில்லுக்குப் போகிறவர்கள் கடந்து செல்லும் வழி. இந்த மேட்டுக்குக் கிழக்கே நீளும் கரையோரத்தில்தான் 1746இல் பரடி என்ற சுவிஸ் பொறியாளர், பிரெஞ்சுக் கம்பெனிக்காக ஒரு சிறு படையைச் சென்னை நோக்கி நடத்திப் போனார். ஐரோப்பியரும் தமிழ்ச் சிப்பாய்களுமாக ஏறத்தாழ ஆயிரம் பேர். அடையாற்றங்கரையில் ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கான் பத்தாயிரம் பேர் என மதிப்பிடப்படும் படையோடு வழிமறித்தார். ஆயிரம் பேர் பத்தாயிரம் பேரைக் கலைத்தார்கள். அந்த வெற்றிக்கு ஒழுங்கான பயிற்சி, காகிதத்தோட்டா, சிக்கிமுக்கித் துப்பாக்கி எனப் பல காரணங்களை வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். இக்கட்டுரைக்கு வேண்டியது அவற்றுள் ஒன்றே: அந்தச் சிப்பாய்களின் துப்பாக்கிக் குழல்வாயில் பயனெட் என்ற குத்துக்கத்தி பூட்டப்பட்டிருந்தது, பூட்டியபடியே சுடவும் முடிந்தது.

குழல்வாயில் எதையேனும் பூட்டுவது பழைய வழக்கம். பூட்டுவதன் நோக்கம்தான் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. இன்றைய அரைத்தானியங்கித் துப்பாக்கிகளின் வாயில் துளையிட்ட உலோக உறுப்பு ஒன்றைப் பார்க்கிறோம். ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் ஒரு குண்டைச் சுட்டுவிட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் இவை. அந்த உறுப்பு எதற்கு? திரைப்படம் பார்த்துப் பழகியவர்கள் ‘சைலன்சர்’ என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது சைலன்சர் இல்லை. கண்ணுக்கானது, தோளுக்கானது, எறிகுண்டுக்கானது, காதுக்கானது என அதற்கு நான்கு வேறு பிறப்புகள் உண்டு. இவற்றுள் காது கடைசியாகத்தான் கவனிக்கப்பட்டது என்பதையும், அதற்குச் சுட்டவர்கள் தந்த விலை பெரிது என்பதையும் தமிழகத்துச் சான்றுகளின் வழியே காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

வாயில் நிகழ்வது

தோட்டாவில் உள்ள மருந்து எரிந்து வாயுவாகிறது. அந்த வாயு குண்டைத் தள்ளிக்கொண்டு குழல் முழுதும் ஓடிவருகிறது. குண்டு வாயை விட்டு நீங்கும் நொடியில் குழலுக்குள் இன்னும் பல நூறு மடங்கு வளியழுத்தத்தில் வாயு அடைபட்டிருக்கிறது. குண்டுக்குப் பின்னால் அது வெடித்துப் பரவுகிறது. குழல்வாய் உறுப்புகள் எல்லாம் கையாள்வது குண்டை அல்ல, இந்த வாயுவைத்தான்.

வாயுவின் பங்கு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டால் தெரியும். இந்தியப் படை நெடுங்காலம் வைத்திருந்த 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். துப்பாக்கியின் குண்டு ஏறத்தாழ 9.5 கிராம், வாயை விட்டு நீங்கும் வேகம் நொடிக்கு 840 மீட்டர் அளவு. மருந்து 3 கிராம் அளவுதான். ஆனால் அந்த 3 கிராமும் வாயுவாகி, குண்டைவிட வேகமாக, நொடிக்கு 1,200 மீட்டருக்கு மேல் பாய்ந்து வெளியேறுகிறது. எடையை வேகத்தால் பெருக்கினால் குண்டுக்கு 8, வாயுவுக்கு 4க்குச் சற்றுக் குறைவு. சுடுபவரின் தோளில் விழும் உதையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வாயுவே தருகிறது. குண்டு தரும் உதையை யாராலும் குறைக்க முடியாது. வாயு தரும் பங்கை மட்டும் திசைதிருப்பலாம். வாயின் பக்கவாட்டில் துளையிட்டு வாயுவைப் பக்கத்துக்கோ சற்றுப் பின்னுக்கோ விட்டால் துப்பாக்கி முன்னோக்கி இழுக்கப்படும், உதை குறையும். இதுவே மசில் பிரேக். வாயுவை மேல்நோக்கி விட்டால் வாய் கீழே அழுத்தப்படும். அடுத்த குண்டுக்குக் குறி விலகாது. இது காம்பன்சேட்டர்.

சுடர் வேறு கதை. வெளியேறும் வாயு முழுதும் எரிந்து முடிந்த புகை அல்ல. கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் அதில் நிறைய இருக்கின்றன. வெளிக்காற்றின் ஆக்சிஜனோடு சூடாகக் கலந்த கணமே அவை மீண்டும் பற்றிக்கொள்கின்றன. இரவில் தெரியும் பெரிய மஞ்சள் பிழம்பு இந்த இரண்டாம் எரிதல்தான். நீள்வெட்டுத் துளைகளோ பிரிந்த கிளைகளோ கொண்ட சுடர்மறைப்பான், இந்த வாயுவைச் சிதறடித்து, பற்றும் அளவுக்குச் சூடு நிலைக்காமல் ஆக்குகிறது. எதிரிக்கு இடம் தெரியாமல் இருக்க என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதுவும் ஓரளவு உண்டு. ஆனால் முதன்மையான பயன் சுடுபவருக்கே. மனிதக் கண் இருட்டுக்குப் பழகி முழுக் கூர்மை பெற அரைமணி நேரம் ஆகும். தன் துப்பாக்கியின் ஒரே சுடர் அந்த அரைமணியைப் பறித்துவிடும்.

இவற்றில் எதுவும் வாயுவை இல்லாமல் செய்வதில்லை. வேறு எங்கோ அனுப்புகிறது, அவ்வளவே. சுடுபவரின் தோளிலிருந்து தள்ளிவிட்டது பக்கத்தில் படுத்திருப்பவரின் காதில் போய் அறைகிறது. ஒருவருக்குக் கிடைத்த நன்மையை இன்னொருவர் உடலில் ஏற்றும் இந்தக் கணக்கைக் கவனிக்காமல் இந்த உறுப்புகளின் வரலாற்றை எழுத முடியாது.

அடைப்பிலிருந்து வளையத்துக்கு

பயனெட்டின் முதல் வடிவம் ஒரு அடைப்பு. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சிப்பாய் கத்தியின் மரப்பிடியைக் குழல்வாய்க்குள் செருகினான். செருகியதும் துப்பாக்கி ஈட்டியானது. துப்பாக்கியாக இருப்பது நின்றது. 1689இல் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கியில் அரசுப்படை இப்படிச் செருகி முடிப்பதற்குள் மலைநாட்டார் பாய்ந்து நொறுக்கினர். அதே காலத்தில் பிரான்சின் வோபான் குழல்வாயைச் சுற்றி வளையமாகப் பொருந்தும் பயனெட்டைப் பரப்பினார். வாய் திறந்திருந்தது. சுடலாம், குத்தலாம்.

அடையாற்றில் நவாபின் வீரர்கள் கண்டது இந்த இரண்டாம் வடிவத்தை. திரிவைத்துச் சுடும் துப்பாக்கியோடும் வாளோடும் குதிரையோடும் வந்தவர்களுக்கு, சுட்டுவிட்டு நிற்காமல் அதே கருவியை நீட்டிக்கொண்டு ஓடிவரும் வரிசை புதிது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அந்த ஆண்டுகளின் புதுச்சேரியை நாளும் பொழுதுமாகப் பதிந்திருக்கிறது. அக்காலத்தை ஆராய்பவர்கள் அரசியலை மட்டும் தேடாமல் ஆயுதப் பழக்கத்தையும் அதில் தேடவேண்டும் என்பது என் எண்ணம்.

1760 ஜனவரி 22 அன்று திண்டிவனத்துக்கு வடக்கே வந்தவாசியில் பிரெஞ்சு, ஆங்கிலேய இரு தரப்பின் கையிலும் அதே கருவி இருந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலியின் லொரேன் படைப்பிரிவு பயனெட் நீட்டி நெருங்கிய பத்தியாக முன்னேறியது. ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் வீரர்கள் அவர்கள் மிக அருகில் வரும்வரை சுடாமல் காத்திருந்தார்கள். பிறகு ஒரே சமயத்தில் சுட்டு, பயனெட்டோடு மோதினார்கள். பிரெஞ்சு ஆட்சியின் கனவு அந்த வயலில் முடிந்தது. குழல்வாய் உறுப்பு என்ற கோணத்தில் பார்த்தால் வந்தவாசி சொல்வது ஒன்று: நீண்ட குழலும் மெதுவாக ஏற்றும் கறுப்பு மருந்தும் இருந்தவரை வாயில் வேறெதுவும் தேவைப்படவில்லை. சுடரும் புகையும் இருந்தன; ஆனால் புகையே எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

அருவங்காடு

புகை போனபின்தான் சுடர் தெரிந்தது. 1884இல் பிரான்சின் பால் வியெய் புகையில்லா மருந்தை உருவாக்கினார். இரண்டு ஆண்டில் அது லெபல் துப்பாக்கியில் ஏறியது. ஆங்கிலேயர் 1889இல் கார்டைட்டைக் கொண்டுவந்தார்கள். நைட்ரோகிளிசரினும் பருத்தியிலிருந்து செய்த நைட்ரோசெல்லுலோசும் சிறிது வாசலினும் கலந்து, நூலாக இழுத்த மருந்து அது.

இந்தியாவுக்கான கார்டைட் ஆலை நீலகிரியில், குன்னூரை அடுத்த அருவங்காட்டில் 1903இல் அமைந்தது. வெடிமருந்துத் தயாரிப்புக்கு மலையின் குளிர்ச்சி உகந்தது. உலகப்போர்கள் இரண்டிலும் இந்தியத் தோட்டாக்களுக்கு மருந்து தந்த ஆலை அது. 2021இல் படைத்தளவாட ஆலைகள் நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது, இன்றும் இயங்குகிறது.

முதல் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 விழுக்காடு. அது அளவுமீறிய சூட்டில் எரிந்து குழலின் உட்புறத்தை அரித்ததால், பின்னால் 30 விழுக்காடாகக் குறைத்தார்கள். சூடு குறைந்தது, குழலின் ஆயுள் கூடியது. சுடரைக் குறைக்க இரண்டு வழி உண்டு என்பது அப்போதே புரிந்துவிட்டது. மருந்தின் சேர்க்கையை மாற்றலாம். பொட்டாசியம் உப்புகளைச் சேர்த்தால் வெளியேறும் வாயு மீண்டும் பற்றுவது தடைபடுகிறது. இல்லையென்றால் வாயின் வடிவத்தை மாற்றலாம். முதல் வழி வேதியியலாருடையது, இரண்டாவது கம்மியருடையது. பிற்காலத்தில் முதலாவதுக்கு அருவங்காடும் இரண்டாவதுக்குத் திருச்சியுமாக இரு வழிகளுக்கும் தமிழகத்தில் ஆலை அமைந்துவிட்டது. இந்த ஒற்றுமையை நம் தொழில் வரலாற்று நூல்கள் எடுத்துச் சொல்லவேண்டும்.

இருந்தும் அரை நூற்றாண்டுக் காலம் குழல்வாய் வெறுமையாகவே இருந்தது. நம் காவலர்கள் வாயில் ‘த்ரீ நாட் த்ரீ’ ஆகிப்போன லீ என்ஃபீல்டில் 64 செ.மீ. குழல். அவ்வளவு நீளத்தில் மருந்து பெரும்பாலும் உள்ளேயே எரிந்து முடிந்துவிடும். பயனெட்கூடக் குழலில் இல்லாமல் முன்மூடியில்தான் மாட்டப்பட்டது. அதன் வாயில் எப்போதாவது ஏறியது ஒன்றே: மில்ஸ் எறிகுண்டை வைத்து எறியும் கிண்ணம். எறிகுண்டை எறியும்போது குழல் வெடித்தால் கை போகும் என்று, கல்கத்தாவை அடுத்த இஷாபூர் ஆலை அந்தத் துப்பாக்கிகளின் மரக்கட்டையைச் சுற்றிக் கம்பி வரிந்து அனுப்பியது. கம்பி வரிந்த அந்தத் துப்பாக்கிகள் இன்றும் சேகரிப்பாளர்களிடம் உள்ளன. எறிகுண்டுக்காகக் குழல்வாயைப் பயன்படுத்தும் இந்த வழக்கம் பிறகு இந்தியத் துப்பாக்கிகளின் தோற்றத்தையே தீர்மானித்தது. அதைக் கீழே பார்ப்போம்.

குட்டைக் குழல்

இரண்டாம் உலகப்போரின் கடைசியில் காடுகளில் சண்டையிட நீளத் துப்பாக்கி இடைஞ்சலாக இருந்தது. 1944இல் ஆங்கிலேயர் என்ஃபீல்டின் குழலை ஏறத்தாழ 48 செ.மீ.க்குக் குறைத்து ‘எண் 5’ துப்பாக்கியைச் செய்தார்கள். எடை 3.2 கிலோவாக இறங்கியது. ஆனால் தோட்டா அதே தோட்டா. உள்ளே எரியவேண்டிய மருந்து இப்போது வெளியே எரிந்தது. சுடர் பெரிதானது, உதை கூடியது. உதைக்காகப் பின்கட்டையில் ரப்பர் வைத்தார்கள். சுடருக்காகக் குழல்வாயில் கூம்பு வைத்தார்கள். 1948இல் தொடங்கிய மலாயா நெருக்கடிக் காலத்தில் ரப்பர் தோட்டங்களில் ரோந்து போன படைகளின் கையில் இது இருந்தது. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். பலருக்கு நெருக்கத்தில் அறிமுகமான முதல் சுடர்மறைப்பான் இந்தக் கூம்பாகவே இருந்திருக்கும்.

குழலைக் குறைத்தால் சுடர் கூடும், சுடர் கூடினால் வாயில் உறுப்பு வரும். அதன்பின் வந்த பெரும்பாலான துப்பாக்கிகளுக்கும் இந்த விதி பொருந்தியது.

எஸ்.எல்.ஆரும் திருச்சியும்

1962இல் சீனப் போரில் இந்திய வீரர்களில் பெரும்பாலோர் ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்து ஏற்றும் .303 துப்பாக்கியோடுதான் இமயத்தில் நின்றார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு அரைத்தானியங்கித் துப்பாக்கிக்கு மாறும் வேலை வேகமெடுத்தது. பெல்ஜியத்தின் எப்.என். நிறுவனத்தில் தியுதொனே சைவ் வடிவமைத்த எப்.ஏ.எல். துப்பாக்கியே அதற்கு மூலம். ஆங்கிலேயர் அதை எல்1ஏ1 என்று தங்கள் அளவுக்கு மாற்றியிருந்தார்கள். இந்தியா இரண்டையும் பார்த்துத் தன் 1ஏ எஸ்.எல்.ஆரை இஷாபூரில் செய்தது. 1966இல் திருச்சிராப்பள்ளியில் படைத்தளவாட ஆலை எழுந்தது. திருச்சிக்காரர்கள் ‘துப்பாக்கித் தொழிற்சாலை’ என்றே சொல்லும் இடம் அது. துப்பாக்கி செய்யும் தொழில் வங்கத்துக்கு அப்பால் தெற்கே வேர்விட்டது அங்கேதான்.

இந்தத் துப்பாக்கி ஆங்கில மரபைப் பின்பற்றி ஒரு விசைக்கு ஒரு குண்டு மட்டுமே சுட்டது. குழல் 53 செ.மீ.; தோட்டா 7.62. சுடர் கண்ணைக் கூசவைக்கும் அளவில் இருந்ததால் வாயில் நீள்வெட்டுத் துளைகள் கொண்ட நீண்ட சுடர்மறைப்பான் அதனோடு பிறந்தது. அந்த உறுப்பை ஒரு வேலையோடு விட்டுவிடவில்லை. பயனெட்டின் வளையம் அதைச் சுற்றிப் பொருந்தும். பயனெட்டைப் பூட்டும் முகடும் அதன் அடியில்தான். அடையாற்றில் குழலைச் சுற்றிய வளையம் இரண்டு நூற்றாண்டு கழித்துச் சுடர்மறைப்பானைச் சுற்றியது.

எறிகுண்டையும் மறக்கவில்லை. எப்.ஏ.எல். குடும்பத்தின் வாயுக்குழாயில் ஒரு அடைப்பான் உண்டு. அதைத் திருப்பிவிட்டால் வாயு பின்னோக்கிப் போய்த் தோட்டா ஏற்றும் வேலைக்குச் செலவாகாமல், முழுதும் வாய்க்கே வந்து எறிகுண்டைத் தள்ளும். அப்போது துப்பாக்கி தானாக ஏற்றாது; வீரன் கையால் இழுக்கவேண்டும். பெல்ஜிய வடிவத்தில் சுடர்மறைப்பானே 22 மி.மீ. விட்டத்தில் எறிகுண்டின் வாலைத் தாங்கியது. ஆங்கில வடிவத்தில் தனி ஏவுகுழல் ஒன்றை மேலே மாட்டினார்கள். சுடர், பயனெட், எறிகுண்டு மூன்றும் ஒரு சாண் இரும்பில் இடம் கேட்டதால்தான் அந்த வாய் அவ்வளவு நீளமானது. தோற்றத்தைப் பார்த்து மிரட்டலுக்காக வைத்தது என்று நினைப்பவர்கள் இந்தப் பின்னணியைக் கவனிக்கவேண்டும். பொறியாளர்களுக்கு அங்கே அலங்காரத்துக்கு இடமே இருக்கவில்லை.

உதையைக் குறைக்க மட்டும் அதில் ஏற்பாடு எதுவும் இல்லை. எஸ்.எல்.ஆர். சுட்டுப் பழகிய முன்னாள் படைவீரர்களும் காவலர்களும் வலது தோளில் கன்றிய தழும்பைப் பற்றிப் பேசுவார்கள். கண்ணைக் காத்த வடிவமைப்பு தோளைச் சுடுபவரின் பொறுப்பில் விட்டுவிட்டது. பாகிஸ்தானோடு 1971இல் நடந்த போரிலும் அதன்பின் முப்பது ஆண்டு எல்லைக் காவலிலும் இந்த உடன்படிக்கையே நீடித்தது.

அதே காலத்தில் உலகின் மற்ற இரு பெரும் மரபுகள் வேறு விடைகளைக் கண்டன. அமெரிக்கர் வியட்நாமில் எம்16இன் மூன்று கிளைச் சுடர்மறைப்பான் புதரில் சிக்குவதைக் கண்டு, 1960களின் நடுவில் முனை மூடிய கூண்டு வடிவத்துக்கு மாறினார்கள். 1980களில் அந்தக் கூண்டின் அடித்துளைகளையும் அடைத்தார்கள். படுத்துச் சுடும்போது புழுதி எழாமலும் வாய் மேலே ஏறாமலும் இருக்க. சோவியத்தின் கலாஷ்னிகோவில் முதலில் வெறும் திருகு வளையம்தான். 1959இன் ஏ.கே.எம்.மில் சரிவாக வெட்டிய கரண்டி முனை வந்தது. வலக்கைக்காரர் சுடும்போது வாய் மேலும் வலமுமாக ஏறுவதால், அந்தச் சரிவு வாயுவை அதே பக்கம் விட்டு வாயை எதிர்த்திசையில் தள்ளியது. 1974இன் ஏ.கே.74 இரண்டு அறைகள் கொண்ட பெரிய பிரேக்கைச் சூடிக்கொண்டது. ஈழப் போரில் இரு தரப்பிலும் பரவிய சீனத்து டி-56 பழைய ஏ.கே.யின் வழி வந்தது. அதில் இந்தச் சரிவு இல்லை. கைப்பற்றிய துப்பாக்கிகளின் படங்களைப் பார்த்து வகை பிரிக்கும் ஆய்வாளர்களுக்குக் குழல்வாயே முதல் அடையாளம்.

இன்சாஸ்

1980களில் புனேயின் ஆயுத ஆராய்ச்சி நிலையம் 5.56 மி.மீ. இன்சாஸை வடிவமைக்கத் தொடங்கியது. 1998 குடியரசு நாள் அணிவகுப்பில் மக்கள் அதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே கார்கிலின் குளிரில் அது சோதிக்கப்பட்டது. தோட்டாக்கூடு விரிசல் விட்டது, இயக்கம் தடைபட்டது என்ற குறைகள் பரவலாகப் பேசப்பட்டன. அவை வேறு கட்டுரைக்கு உரியவை. நமக்கு வேண்டியது அதன் 46 செ.மீ. குழலின் முனை. சிறிய தோட்டாவில் உதை பாதிக்கும் கீழே குறைந்துவிட்டதால் மசில் பிரேக்கைப் பற்றி யோசிக்கவேண்டிய தேவை எழவில்லை. சுடர்மறைப்பானின் வெளிவிட்டத்தை நேட்டோ அளவு எறிகுண்டு பொருந்தும்படி வைத்தார்கள். வாயுவை அடைக்கும் ஏற்பாடும் எறிகுண்டுக்கான குறிகாட்டியும் கூடவே வந்தன.

அதாவது 1990களில் பிறந்த இந்தியத் துப்பாக்கியின் வாயை, முதல் உலகப்போர்க் காலத்து எறிகுண்டுக் கிண்ணத்தின் நினைவே வடிவமைத்தது. குழலுக்கு அடியில் தனியாக மாட்டும் 40 மி.மீ. ஏவுகருவி உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த காலம் அது. வாயில் குத்தி ஏவும் எறிகுண்டின் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன. இது வடிவமைப்பாளர்களின் தவறு என்று நான் சொல்லவில்லை. படை கேட்டதைத்தான் அவர்கள் கொடுத்தார்கள். ஆனால் தேவை முடிந்த பின்னும் வடிவம் தங்கிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்திய ஆயுத வரலாற்றில் கிடைப்பது அரிது. 2019இல் இந்தியா 72,400 சிக் 716 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் செய்து மீண்டும் 7.62க்குத் திரும்பியது. அத்தோடு உதையும் சுடரும் திரும்பி வந்தன.

தோளுக்கான விடை

திருச்சி ஆலை தோளைப் பற்றி யோசிக்கவேண்டி வந்தது வேறொரு துப்பாக்கியில். 2005இல் அது ‘வித்வம்சக்’ என்ற பெருந்துப்பாக்கியை உருவாக்கியது. 12.7, 14.5, 20 மி.மீ. என மூன்று அளவுகளில் குழல் மாற்றிச் சுடலாம். கவசவண்டி, பதுங்குகுழி போன்றவற்றைத் தாக்க எல்லைப் பாதுகாப்புப் படைக்குப் போனது. இவ்வளவு பெரிய குண்டை மனிதத் தோளில் சாத்திச் சுடவேண்டுமானால் வாயுவைத் திருப்பியே ஆகவேண்டும். அதன் முனையில் அகன்ற மசில் பிரேக் இருக்கிறது; அதற்கும் மேலாகக் குழலே பின்னோக்கி வழுக்கி உதையை வாங்கிக்கொள்ளும் அமைப்பும் உண்டு.

இங்கேதான் முன்பு சொன்ன கணக்கு முழு அளவில் தெரிகிறது. பக்கமும் பின்னுமாகத் திரும்பிய வாயு சுடுபவரின் தோளைக் காப்பாற்றுகிறது. அருகில் இருக்கும் துணைவரின் முகத்திலும் காதிலும் அறைகிறது. தரைப் புழுதி எழுந்து இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. பிரேக் பொருத்திய துப்பாக்கி, பொருத்தாததைவிடச் சுடுபவருக்கும் அதிக ஓசை தருகிறது. சாதாரணத் துப்பாக்கியின் வெடியோசையே 160 டெசிபல் அளவு. 140 டெசிபலைத் தாண்டும் ஒரே வெடி உட்காதின் மயிரணுக்களைச் சிதைக்கப் போதுமானது. அவை மீண்டும் முளைப்பதில்லை.

காதுக்கான விடையும் சட்டமும்

காதுக்கு விடை நூறு ஆண்டுக்கு முன்பே கிடைத்திருந்தது. இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் மாக்சிமின் மகன் ஹைரம் பெர்சி மாக்சிம் 1909இல் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார். மோட்டார் வண்டியின் புகைக்குழாயில் உள்ள அடக்கியும் இதுவும் ஒரே கருத்து: தடுப்பறைகள் வழியே வாயுவைச் சுழலவிட்டு, மெதுவாக்கி, ஆறவைத்து வெளியே விடுவது. ஓசை 25 முதல் 30 டெசிபல் வரை குறையும். ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டு எழுப்பும் வெடிப்பொலி அப்படியே இருக்கும். திரைப்படத்தில் கேட்கும் மெல்லிய ‘ஃபுட்’ ஒலி போர்த்துப்பாக்கியில் வராது. 160, 130 ஆகிறது. அது இன்னும் பெரும் ஓசைதான். ஆனால் காது தப்பிக்கிறது.

சட்டம் இந்த உறுப்புகளைக் குற்றவாளியின் கருவியாகத்தான் பார்த்தது. அமெரிக்காவில் 1934இன் சட்டம் சைலன்சருக்கு 200 டாலர் வரி விதித்தது. அக்காலத்தில் அது துப்பாக்கியின் விலையைவிட அதிகம். 1994இல் வந்த இன்னொரு சட்டம் சில அரைத்தானியங்கித் துப்பாக்கிகளை விலக்குவதற்கான அடையாளங்களில் சுடர்மறைப்பானையும், அதைப் பொருத்தும் திருகையும் சேர்த்தது. பத்து ஆண்டுக்குப் பின் 2004இல் அது காலாவதியானது. மசில் பிரேக் அந்தப் பட்டியலில் இல்லாததால் உற்பத்தியாளர்கள் சுடர்மறைப்பானைக் கழற்றிவிட்டு பிரேக்கைப் போட்டு விற்றார்கள். துப்பாக்கியின் ஆற்றல் துளியும் குறையவில்லை. பக்கத்தில் நின்றவரின் காதுக்குத்தான் கேடு கூடியது. தோற்றத்தை வைத்துச் சட்டம் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

இந்தியாவின் நிலை வேறு, அது சரியான நிலை என்றே கருதுகிறேன். 1959இன் ஆயுதச் சட்டத்தின் கீழ் 1962இல் வந்த விதிகள், .303, 7.62 போன்ற படைத்தோட்டா சுடும் துப்பாக்கிகளைக் கடும் கட்டுப்பாட்டுக்குரிய முதல் வகையில் வைத்தன. ஓசையையோ சுடரையோ குறைப்பதற்கான துணைக்கருவிகளும் அதே முதல் வகையில் வந்தன. துப்பாக்கியையே கட்டுப்படுத்திவிட்டதால் அதன் வாயில் என்ன இருக்கிறது என்ற அமெரிக்க வழக்காடல் இங்கே எழவில்லை. சுடரைக் குறைப்பதையும் ஓசையைக் குறைப்பதையும் ஒரே வரியில் அடைத்தது மட்டும் துல்லியமில்லாத வரையறை. இரண்டின் நோக்கமும் பயனும் வேறு என்பதை மேலே பார்த்தோம்.

இதற்குள் படைகளின் பார்வை மாறிவிட்டது. பின்லாந்திலும் நார்வேயிலும் வேட்டைக்காரர்கள் சைலன்சரைக் காதுப் பாதுகாப்பாகவே பயன்படுத்துகிறார்கள். அமெரிக்கக் கடற்படைக் காலாட்கள் 2020இன் இறுதியில் தம் போர்ப்பிரிவுகளுக்கு அதைப் பரவலாக வழங்கத் தொடங்கினார்கள். 2022இல் அமெரிக்கத் தரைப்படை தேர்ந்தெடுத்த புதிய துப்பாக்கி சைலன்சரோடு சேர்த்தே வருகிறது. காரணம் ஒளிந்து சுடுவது மட்டுமல்ல. கட்டளை காதில் விழவேண்டும், பணி முடிந்து வீடு திரும்பும் வீரனுக்குக் குழந்தையின் குரல் கேட்கவேண்டும்.

நம் ஊரில் இதற்கு உடனடியாகச் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் தமிழகம் எங்கும் என்.சி.சி. மாணவர்கள் முகாமில் ‘பாயிண்ட் டூ டூ’ சுடுகிறார்கள். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அந்தச் சிறிய துப்பாக்கியின் வெடியோசையும் ஆபத்தின் எல்லையைத் தொடுகிறது. வரிசையாகப் படுத்துச் சுடும்போது ஒவ்வொரு பிள்ளையின் காதிலும் பக்கத்துப் பிள்ளையின் வெடியும் விழுகிறது. அந்தத் துப்பாக்கியின் வாயில் எதையும் பொருத்தத் தேவையில்லை. ஒரு சோடிக் காதடைப்பான் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. சுடுகளத்தில் படுக்கும் ஒவ்வொரு மாணவருக்கும், அவர் பின்னால் நிற்கும் பயிற்றுநருக்கும், தோட்டாவை எண்ணிக் கொடுப்பதற்கு முன் அதைக் கொடுங்கள்.